வலிக்காத முடிச்சு

இங்கே ஒருவருடைய தலையைச் சீவுவதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டும். "ஐரிஸ், உங்கள் தலையைச் சீவலாமா?" என்று தினமும் காலையில் கேட்கிறேன். எண்பது வயதைத் தாண்டிய, பெற்ற பிள்ளைகளின் பெயரே மறந்துபோன ஐரிஸ் சில நாள் "வேண்டாம்" என்பார். உடனே சீப்பைக் கீழே வைத்துவிட வேண்டும். இங்கிலாந்தின் வடக்கில் இருக்கும் இந்த முதியோர் இல்லத்துக்கு நர்ஸாக வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பூந்தமல்லியில் நான் வேலை பார்த்த சிறிய மருத்துவமனையில் கையை நீட்டு என்போம், நீட்டுவார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு வகுப்பு வைத்தார்கள். இந்த ஊர் நகராட்சியான கவுன்சிலின் விதிமுறைப் புத்தகத்தை மேலாளர் வாசித்தார். முதியவர்களையும், தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாதவர்களையும் அடிப்பது, பட்டினி போடுவது, பூட்டி வைப்பது, கட்டி வைப்பது எல்லாமே 'அப்யூஸ்'. பார்த்தவர் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். செய்தவர் மகனானாலும் சரி, நர்ஸானாலும் சரி. 'கட்டி வைப்பது' என்ற இடத்தில் நான் பேனாவை மூடி வைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அந்த வீட்டில் என் கணவரோடு அவருடைய அக்கா வசந்தாவும் இருந்தார். வயது நாற்பது, அறிவு மட்டும் ஐந்து வயதில் நின்றுவிட்டது. யாரையும் ஒன்றும் செய்ய மாட்டார். ஆனால் கதவு திறந்திருந்தால் நடக்கத் தொடங்கிவிடுவார். ஒருமுறை ரயிலேறிப் போய், மூன்றாம் நாள் அரக்கோணத்தில் கிடைத்தார். உடம்பில் இருந்த புடவை அவருடையது இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

மறுநாள் கணவர் தொழிற்சாலைக்கும் நான் மருத்துவமனைக்கும் போக வேண்டும். அவர் நைலான் கயிறு வாங்கி வந்தார். கயிறு தோலை அறுக்கும் என்று சொன்னது நான்தான். பழைய வேட்டியைக் கிழித்து, முரண்டு பிடிக்கும் நோயாளிகளைக் கட்டிலோடு கட்டும் முடிச்சை வசந்தாக்காவின் மணிக்கட்டில் போட்டேன். இழுத்தால் இறுகாது, தானாக அவிழ்க்கவும் வராது. பக்கத்தில் சோறும் தண்ணீரும் வைத்தேன். வருடக்கணக்கில் அப்படித்தான் வேலைக்குப் போனோம்.

எதிர் வீட்டு சரோஜாக்கா ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "இன்னா நர்ஸம்மா, மாட்டக் கட்றாப்ல மனுசிய கட்டிப்போட்டுகினு போறியே, எப்டிம்மா மனசு வருது உனுக்கு?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர், அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார். வீட்டுக்கு வந்த ஏட்டு, வசந்தாக்காவின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"காயம் எதுவும் இல்லியேம்மா. இது ஊட்டு விஷயம். இன்னா செக்ஷன்ல நான் எழுதறது?" என்று சரோஜாக்காவைத்தான் கடிந்துகொண்டார்.

தேடியிருந்தால் ஏதாவது ஒரு செக்ஷன் கிடைத்திருக்கும் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதன் பிறகு சரோஜாக்கா என்னோடு பேசவே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. வசந்தாக்காவை நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் என் கொழுந்தன் குமாரின் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

போன மாதம் ஒரு காலையில் ஐரிஸ் தலை சீவச் சம்மதித்தார். சீவும்போது அவருடைய ஸ்வெட்டர் கை மேலேறியது. மணிக்கட்டைச் சுற்றி இளஞ்சிவப்பாக, விரலகலத்துக்கு ஒரு தடம். அது எதனால் வரும் என்று எனக்கு உடனே தெரிந்தது. முந்தைய நாள் மாலை அவரைப் பார்த்துக்கொண்டவள் ட்ரேசி, என்னிடம் பிரியமாகப் பழகுகிற பெண். கேட்டபோது அவள் மறைக்கவில்லை. "எழுந்து எழுந்து வாசலுக்குப் போனார். விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால்? கவுன் பெல்ட்டால் மெதுவாகத்தான் கட்டினேன். அவர் நல்லதுக்குத்தான்."

அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். கவுன்சிலிலிருந்து வந்த அம்மாள், "பார்த்ததுமே கட்டிய தடம் என்று எப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டார். "ஊரில் நிறையக் கட்டியிருக்கிறேன்" என்றேன். என் ஆங்கிலம் அவருக்கு என்னவாகக் கேட்டதோ, காயத்துக்குக் கட்டுப் போடுவதைச் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டி எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. ட்ரேசிக்கு வேலை போயிற்று. எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் குமாருக்குப் போன் செய்தேன்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் கீது அண்ணி."

"பகல்ல கட்டித்தான் போடுறீங்களா?"

"ஆமா அண்ணி, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே துணியிலதான் கட்றோம். ஒரு சின்னக் காயம் கிடையாது." அவன் குரலில் பெருமைகூட இருந்தது.

"அவுத்து விட்டுடு குமாரு. அப்படிக் கட்டக் கூடாது. தப்பு."

"அவுத்து வுட்டா ரோட்டாண்ட போயிடும் அண்ணி. பெங்களூர் லாரிங்கோ எப்டி வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். நீங்க வந்து பாத்துக்கிறீங்களா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. வரக்கூடும் என்று நம்பித்தான் கேட்டான். பதில் சொல்வதற்கு முன் லைன் போய்விட்டது. நானாக வைத்தேனா என்றும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உள்ளே கணவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். ஒரு காலில் வேலைக்குப் போடும் ஷூ ஏறியிருந்தது. மற்றது வெறும் காலாக, இந்த ஊரின் குளிர்ந்த தரையில் மரத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலை வீட்டுக்குள் திருப்பி எடுத்து வைப்பதா, ஷூவுக்குள் விட்டு வேலைக்குப் போவதா என்று தெரியாமல் வாசலில் நின்றேன்.