மறியலைத் தாண்டிய பெட்டி

மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்ல, அன்று மாலை திருவனந்தபுரத்தில் நான் ரயில் ஏறியாக வேண்டும். தவறினால் கப்பலும் போய்விடும். மொழிவாரி மாநிலங்கள் பிரியாத காலம் அது. பாறசாலையிலோ, அங்குள்ள தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டுடன் இணைக்கக் கோரி மறியல்; பேருந்து நின்றுவிட்டது. கம்பளிக் கோட்டும் புத்தகங்களும் திணித்த இரும்புப் பெட்டியுடன் இறங்கி, சாலையில் படுத்திருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எலே மக்கா, நாங்க தமிழ்நாட்டுல சேரணும்ணு ரோட்டுல கிடக்கோம். நீ அமெரிக்காவுக்குப் போறியாக்கும்?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரே எழுந்தார். "வண்டிய விடமாட்டோம். உன்ன விடுவோம். பெட்டிய இங்க தா."

நான்கு பேர் தலை மாற்றிச் சுமந்தார்கள். "உள்ள கல்லாக்கும் வச்சிருக்க?" என்று என்னைத் திட்டியபடியும், இடையிடையே கோஷம் போட்டபடியும் நெய்யாற்றின்கரை வரை நடந்தார்கள். அங்கே வேறு பேருந்து கிடைத்தது; ரயிலைப் பிடித்தேன்.

பின்னாளில் பாறசாலை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. நான் போகவேண்டிய இடத்துக்கு மட்டும் என்னைச் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்திருந்தார்கள்.