அக்கா தேநீரை விட்ட மாதங்கள்

நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை எல்லோரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். "நீங்கள்தானே மாமா அந்தக் காலத்தில அம்மாவோட இருந்தனீங்கள்" என்கிறாள் அக்காவின் மூத்த மகள், என் மருமகள். உண்மைதான். ஆனால் எழுதத் தொடங்கினால் கண்ணீர் மறைக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கொடிகாமத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரி, வாயிலும் குறைவில்லை. திருமணமான கையோடு நாட்டுப் பிரச்சினையில் எல்லாம் குலைந்தது. எண்பத்தைந்தில் அத்தான், அக்கா, நான் மூவரும் பேர்லினுக்கு வந்து சேர்ந்தோம். நொய்கெல்ன் பகுதியில், ஹைம் என்று நாங்கள் சொல்லும் அகதி விடுதியில், மூன்றாம் மாடியில் ஓர் அறை. அதற்குள் சேலை கட்டி மறைத்து எனக்கொரு மூலை. மறு வருடம் அந்த அறையில்தான் அக்கா முதற்பிள்ளையைச் சுமந்தார்.

ஆறாம் மாதத்தில் படியேற அவருக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளிறிப்போயிற்று. அரிசியைப் பச்சையாகவே சப்பிக்கொண்டிருந்தார். மசக்கை என்று நாங்கள் சிரித்தோம். இரத்தத்தைச் சோதித்த பெண் மருத்துவர் சிரிக்கவில்லை. கடுமையான இரத்தச்சோகை என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார். வாரங்கள் கழிந்தும் இரத்தம் கூடவேயில்லை. இப்படியே பிள்ளைப்பேற்றுக்குப் போனால் தாயின் உயிருக்கே ஆபத்து, இரத்தம் ஏற்றத்தான் வேண்டும் என்றார்.

அரைகுறை ஜெர்மனில் மொழிபெயர்த்தவன் நான். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"தம்பி, ஏலாது எண்டு சொல்லு. இரத்தத்தால எய்ட்ஸ் எண்ட புது வருத்தம் பரவுதாம் எண்டு ஹைம் முழுக்கக் கதைக்கினம். என்ர பிள்ளைக்கும் வந்திட்டா?"

இப்போது சோதித்த இரத்தத்தைத்தான் ஏற்றுகிறோம் என்று மருத்துவர் விளக்கினார். அக்கா அசையவில்லை. மருத்துவர் கோபிக்காமல், குளிசையை எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டார். அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஒரு நேரமும் தவறவிடேல்லை எண்டு சொல்லு. சாப்பிட்ட கையோட, நல்ல சாயமா ஒரு தேத்தண்ணி ஊத்தி, அதோட விழுங்கிறனான்."

நான் சொல்லி முடித்ததும் மருத்துவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். தேநீரின் சாயம் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சுவறவிடாதாம். ஐயோ, யார்தான் இதை நினைத்தோம்! எங்களில் எந்த வீட்டில் சாப்பாட்டுக்குப் பின் தேநீர் இல்லை?

பேற்றுக்கு இன்னும் காலமிருக்கிறது, வேறு வழியில் முயல்வோம் என்றார் மருத்துவர். ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் இரத்தம் ஏற்றியே தீருவேன், அதற்குச் சம்மதம் வேண்டும் என்றார். அக்கா வயிற்றைத் தடவினார்.

"ஓம் எண்டு சொல்லு தம்பி. பிள்ளைக்குத் தாய் வேணும்தானே."

அன்றிலிருந்து குளிசை தோடம்பழச் சாற்றுடன் இறங்கியது. அது போதாதென்று இரும்புச்சத்து ஊசியும் போட்டார்கள். தேநீர் இல்லாத அக்காவுடன் ஓர் அறையில் வாழ்வது, அப்பப்பா! தொட்டதற்கெல்லாம் சினம். அவருக்கு முன்னால் குடிக்க மனமின்றி அத்தான் குளிரில் வாசலில் நின்று குடித்துவிட்டு வருவார். "என்னப்பா, கள்ளத் தேத்தண்ணியோ? மணக்குது!" என்று அக்கா பிடித்துவிடுவார். மெல்ல மெல்ல அவருடைய உதட்டில் நிறம் வந்தது. பச்சை அரிசி ஆசையும் போனது.

மருமகள் பிறந்தபோது இரத்தம் கூடுதலாகவே போனது. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஊசியை உடனே போட்டு, வயிற்றை அமுக்கி, போக்கை நிறுத்தினார்கள். ஏற்றுவதற்கு இரத்தமும் தயாராக இருந்தது. வெளியே அத்தான் கும்பிட்ட கையை எடுக்கவில்லை. கடைசியில் மருத்துவர் வந்து, இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை, இருவரும் நலம் என்றார். அத்தான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

அதன் பிறகும் எழுந்து நின்றால் அக்காவுக்கு மயக்கம். நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள்; சோதனைக்குக்கூடக் கொஞ்சமாகத்தான் இரத்தம் எடுத்தார்கள். ஹைமில் இருந்த பெண்கள் பத்தியக் கறியோடு ஈரலும் சமைத்து ஊட்டினார்கள். கோடை வருமுன் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானே படியேறினார்.

பிறகு உணவகச் சமையலறை வேலை, இன்னும் இரண்டு பிள்ளைகள், யார் வீட்டில் நோயென்றாலும் ஓடிப்போகும் கால்கள் என்று அவருடைய வாழ்வு நிறைந்தது. கடைசியில் எலும்பு மச்சையில் நோய் வந்தது. அடிக்கடி இரத்தம் ஏற்றினால்தான் உயிர் என்றார்கள். இம்முறை அக்கா தானே கையை நீட்டினார். அப்படித்தான் பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாளையும் பார்த்தார்.

அன்று அக்காவைக் காத்த மருத்துவருக்கும், சமைத்து ஊட்டிய ஹைம் உறவுகளுக்கும், இறுதிவரை உடனிருந்த உங்களுக்கும் எங்கள் நன்றி. இரத்தம் தந்தவர்களுக்கு மட்டும் இம்மலரை அனுப்ப விலாசம் இல்லை.

இரத்தம் ஏற்றிக்கொண்ட அந்தக் கடைசி நாட்களில் பஸ்ஸில் எதிரே இருக்கும் ஜெர்மன்காரர்களைப் பார்த்து அக்கா சிரிப்பார். தெரிந்தவர்களா என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லையடா தம்பி. எனக்குத் தந்தது இவராயும் இருக்கலாமெல்லே" என்றார்.