ஆகாருக்குத் தண்ணீர் கிடைத்ததா?

எக்ஸ்ரேக்காரர் என்றால்தான் அந்த ஆஸ்பத்திரியில் அவரைத் தெரியும். கீழ்த்தளத்து ஜன்னல் இல்லாத அறையில், இருபத்தெட்டு வருஷமாக அவர் பேசியதெல்லாம் "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பதுதான். மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அந்தப் பேச்சும் இல்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், மணியடிக்காத போன். பாவம், மனுஷன் வாய் நிறையப் பேசுவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். சர்ச்சின் பின்னறையில் பெரியவர்களுக்கு வேதபாடம் எடுப்பார்.

அங்கே வெளுத்து வாங்குவார். ஒரே மகள் ஒரு முஸ்லிம் பையனைக் கட்டிக்கொண்டு போய் ஆறு வருஷம். அவள் போன அந்த மாதமே ஆபிரகாம் கதையை எடுத்துவிட்டார். ஆபிரகாமின் அடிமைப்பெண் ஆகாரும் அவருக்கு அவள் பெற்ற மகன் இஸ்மவேலும் வீட்டைவிட்டு வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டார்கள், இஸ்லாமியர் அந்த மகனின் வழி, தேவன் தந்த வாக்குத்தத்தத்துக்கு வெளியே நிற்பவர்கள் என்று அடித்துச் சொன்னார். கதையை அதோடு நிறுத்தினார். வருஷா வருஷம் அதே பாடம், அதே இடத்தில் நிறுத்தம். யாரை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தலையாட்டினார்கள்.

போன மாதம் இருமலோடு ஒருவன் படம் எடுக்க வந்தான். சீட்டில் இருந்த பெயரை இவர் இரண்டு தரம் படித்தார். மருமகன். வேலை வேலைதானே, தோளைப் பிடித்து நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்க வைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே அவன் பேசினான். சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் பாடப் பதிவைப் பழைய சிநேகிதி அனுப்ப, மகள் ஒரு வாரம்கூட விடாமல் கேட்கிறாளாம்.

"அந்த ஆகாரம்மா பிள்ளைக்குத் தண்ணி தேடி ஓடின ஓட்டத்தை, ஹஜ்ஜுக்குப் போறவங்க இன்னிக்கும் ஓடறாங்க மாமா. தண்ணி கிடைச்சுதான்னு மட்டும் நீங்க சொன்னதே இல்லையாம். அவ கேக்கறா."

அவரை மாமா என்று கூப்பிட இதுவரை ஆளே இல்லை. டாக்டர் பார்த்துச் சொல்வார் என்று மட்டும் முனகி அனுப்பிவைத்தார்.

தண்ணீர் கிடைத்தது. தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார், தாய்க்குக் கிணற்றைக் காட்டினார், பிள்ளையோடேயே இருந்தார். இவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் தாண்டிப் போனார். அந்த வெட்கம் அவரைச் சாப்பிட விடவில்லை.

அடுத்த வெள்ளி அந்தக் கதை முழுவதையும் உரக்க வாசித்தார். "என் கோபத்தை வேதம்னு சொல்லிக் கொடுத்துட்டேன்" என்றார். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பாஸ்டர் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, இந்த வாரப் பதிவு குரூப்புக்கு வேண்டாம், வீண் பேச்சு வரும் என்று நயமாகச் சொன்னார். அட ஆண்டவரே, யார் கேட்க வேண்டும் என்று வாசித்தாரோ அவளுக்கே போகாதாமே!

மறுநாள் காலை, ஆறு வருஷமாக மனப்பாடமாயிருந்த முகவரிக்கு பஸ் ஏறினார். மகள்தான் கதவைத் திறந்தாள்.

"இந்த வாரம் பதிவு வராதும்மா. அதான் ஆளே வந்துட்டேன்."

உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி, "சொல்லுங்க" என்றாள்.

ஆகார் பிள்ளையைச் செடியடியில் விட்டுவிட்டுத் தள்ளிப் போய் அழுத இடத்திலிருந்து, வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார். கிணறு வருவதற்குள் அவரே அழுதுவிட்டார். மீதியை அவள்தான் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லி முடித்தாள்.