அம்மனுக்கு எடுத்த பாஸ் போட்டோ

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் எதிரே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரவர, கேட் பாஸுக்குப் படம் எடுக்க வரும் கூட்டம்தான் எனக்குச் சோறு போட்டது. நேராகப் பார்க்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், முகத்தில் நிழல் விழக்கூடாது. தூக்கத்தில் எழுப்பினாலும் என் கை விளக்கை அப்படித்தான் வைக்கும்.

என் மாமனார் ஆரம்பாக்கம் பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலுக்குப் பூசாரி. மண்டபத்துத் தூணில் செதுக்கியிருந்த அம்மனின் முகம், எல்லோரும் எண்ணெய் தடவித் தொட்டுக் கும்பிட்டதில் மழுங்கிப் போயிருந்தது. அதன்மேல் சிமெண்ட் பூசிப் புது முகம் வைப்பதென்று அவர் கொத்தனாரிடம் சொல்லிவிட்டார். என் மனைவி அழுதாள். சின்ன வயதிலேயே தாயை இழந்தவள். அந்தத் தூணோடு பேசித்தான் வளர்ந்தாள்.

"அவ சிரிக்கிறா நைனா. எனக்குத் தெரியும்."

"மூஞ்சே இல்ல, எங்கேர்ந்து சிரிக்கிறது? மாப்ள போட்டோ எடுக்கட்டும். அதுல சிரிப்பு தெரிஞ்சா உட்டுர்றேன்."

நேராக நின்று பிளாஷ் அடித்து எடுத்தேன். கழுவிப் பார்த்தால் அம்மிக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. மனைவி படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க, அவளும் கம்பெனி வேலைக்கா போறா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை, ஸ்டூடியோவில் எல்லோரும் தலைவாரும் கண்ணாடியைக் கழற்றி ரயிலில் தூக்கிக்கொண்டு போனேன். மனைவி வெளியே வெயிலில் நின்று அதைப் பிடித்தாள். சாய்க்கச் சொன்னேன், இன்னும் கொஞ்சம் என்றேன். வெளிச்சம் தூணின் பக்கவாட்டில் விழுந்தது. முதலில் இமை எழுந்தது, பிறகு கன்னம், கடைசியில் உதட்டோரம். நிழலை விரட்டியே பிழைத்தவன், அன்று அதை எங்கே விடலாம் என்று இடம் பார்த்துப் பார்த்து வைத்தேன். அதுவரை நான் எடுத்ததெல்லாம் வேலை. அதுதான் நான் எடுத்த முதல் படம்.

கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்த படத்தை மாமனார் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பென்சில் வச்சி வரைஞ்சிட்டியா மாப்ள? கல்யாணப் பொண்ணுங்களுக்கெல்லாம் நீ பண்றதுதானே!"

கொத்தனார் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்களின் முகத்தைத் திருத்த நெகட்டிவில் நான் பென்சில் வைப்பது ஊருக்கே தெரியும். இதில் வைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

"சத்தியமா இல்ல மாமா. நீங்களே கற்பூரம் காட்டிப் பாருங்க."

அவர் கற்பூரத்தை ஏற்றி, வழக்கம்போல் நேரே முன்னால் போய் நின்றார். மனைவி அவர் கையைப் பிடித்துத் தட்டை மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தினாள். உதட்டோரம் எழுந்த சிரிப்பைப் பார்த்தபடி, கற்பூரம் அணையும்வரை அவர் தட்டை அங்கேயே பிடித்திருந்தார்.

"இத்தினி வருசமா மூஞ்சிக்கு நேராவே காட்டிக்கினு இருந்துட்டேனேம்மா" என்று தூணைப் பார்த்துச் சொன்னார். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார்.

"குழைச்சத படிக்கட்டுல பூசிடுப்பா."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. மனைவி தூணடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.