ஜால்ராவை விழுங்கிய செட்டு

எங்கள் வீட்டுக்கு ஸ்டீரியோ செட் வந்தபோது பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிடாத குறையாக நின்றார்கள். ராஜபாளையத்தில் மில் வேலைக்காரர்கள் குடியிருந்த தெரு அது. ரேடியோ எல்லார் வீட்டிலும் இருந்தது, டேப் ரெக்கார்டர் ஒன்றிரண்டு வீட்டில் இருந்தது. இரண்டு பக்கமும் என் இடுப்பு உயரத்துக்குப் பெட்டி நிற்க, நடுவில் பச்சை விளக்கு எரிகிற செட் எங்கள் வீட்டில்தான். அப்பா அந்த வருஷத்துத் தீபாவளி போனஸை அப்படியே அதில் போட்டிருந்தார். அம்மா அந்தத் தீபாவளிக்குப் பழைய சேலையைத்தான் கட்டினாள். அதைச் சொல்லிக்காட்ட அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

செட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். பாட்டு விஷயத்தில் அவர் ஒன்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்பாவுக்குப் பாட்டென்றால் உயிர். கல்யாணத்துக்கு முன்பு மார்கழி பஜனையில் ஜால்ரா போட்டவர். அவர் ஜால்ரா எடுத்தால் பாடுகிறவர் தாளம் தப்ப முடியாது என்று சொல்வார்கள். சொன்னது பெரும்பாலும் அவரேதான், இருந்தாலும் நாங்கள் நம்பினோம். அதனால் மாமா முதல் கேசட்டாக ஒரு பஜனையைப் போட்டார். அப்பா கண்ணை மூடித் தொடையில் தட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் கண்ணைத் திறந்தார்.

"மாப்ள, டோலக்கு இருக்கு, ஆர்மோனியம் இருக்கு. ஜால்ராவ எங்க?"

"இருக்கே அத்தான்."

"எங்க இருக்கு? கம்பளியப் போட்டு மூடுனாப்ல இருக்கு. கடைக்காரன் ஒன்னய நல்லா ஏமாத்திட்டான்."

எனக்கு ஜால்ரா கணீரென்று கேட்டது. "கேக்குதேப்பா" என்றேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். எதிலும் குறை கண்டுபிடிப்பது அப்பாவின் சுபாவம் என்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மாமா திருப்புளியோடு பஸ் ஏறி வந்தார். ஸ்பீக்கர் பெட்டிக்குள் பஞ்சு அடைத்தார். எங்கள் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்! பெட்டியைச் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளினார், அடியில் செங்கல் கொடுத்தார். ஒரு வாரம் ஸ்பீக்கரைக் கழற்றி மண்பானை வாயில் வைத்துக் கட்டிப் பார்த்தார். அதில் அம்மாவின் பானை போனதுதான் மிச்சம். ஆனால் பொய் சொல்லக்கூடாது, ஒவ்வொரு தடவையும் சத்தம் கூடக்கூட நன்றாகத்தான் ஆனது. டோலக்கு அடி நெஞ்சுக்குள் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். அப்பா மட்டும் அதே கேள்வியைக் கேட்டார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோபமே இல்லாமல் சொன்னார்: "வித்துரு மாப்ள. அடுத்த வாரம் வரும்போது ஆளக் கூட்டிட்டு வந்து எடுத்துட்டுப் போயிரு. எனக்குப் பாட்டு போதும்."

கத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பாட்டுப் போதும் என்று அப்பா சொன்னது, சோறு போதும் என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. அந்த வாரம் முழுக்க அவர் செட்டைப் போடவில்லை. வேலைவிட்டு வந்ததும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று, ஆள் வரக்கூடாது, ஆள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

சாமி கேட்டது, ஆள் வரவில்லை. மாமா தனியாக வந்தார். செட்டின் பக்கமே போகாமல் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"மருமகளே, ஒரு வெளையாட்டு. அப்பா பேப்பர் படிக்காகல்ல? அவியளுக்குப் பின்னால வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வா. அவிய திரும்பிப் பாக்கலேன்னா ஒனக்குப் பால் ஐஸ்."

என் காலில் கொலுசு. பொடிமுத்து வைத்தது, மூச்சுவிட்டாலே கிணுகிணுக்கும். நுனிக்காலில் போனேன், வந்தேன். அப்பா திரும்பவில்லை. "இப்பச் சும்மா நட" என்றார் மாமா. நடந்தேன். திரும்பவில்லை. "எங்க, குதிச்சு ஓடு பாப்போம்" என்றார். சத்தம் போடாமல் குதிக்கத் தெரியாதா எனக்கு? பூனை மாதிரித் துள்ளித் துள்ளி ஓடினேன். அப்பா பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அடடா, என்ன சாமர்த்தியம் எனக்கு! பெருமை தாங்கவில்லை. மாமா என்னைத் தூக்கிச் சுற்றுவார் என்று எதிர்பார்த்து வந்தால், மனுஷர் அரிசி டின்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் ஐஸை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் உள்ளங்கை அகலத்தில் இரண்டு குட்டி ஸ்பீக்கர்களோடு வந்தார். பெட்டிகளின் உச்சியில் அவற்றைப் பொருத்தினார். அடைத்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டார். பெட்டிகளை ஸ்டூல்மேல் ஏற்றி, இரண்டையும் அப்பாவின் நாற்காலியைப் பார்த்துத் திருப்பினார். கீச்சுச் சத்தத்தைத் தூக்கிக் காட்டும் ட்ரெபிள் திருகை வலது கடைசிவரை முறுக்கினார்.

"அத்தான், நீங்க சொன்னதுதான் சரி. உள்ள ஒரு சாமான் போயிருந்துச்சு. மாத்திட்டேன்."

அதே பஜனை. ஐயோ, ஆர்மோனியம் கீச்சிட்டது, பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடச் சீறியது. "ஏலே, காதக் கிழிக்குதுலே!" என்று அம்மா கத்தினாள். "நீ செத்த சும்மா இரு அக்கா" என்றார் மாமா, அப்பாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அப்பாவின் கை தொடையில் நின்றது. பிறகு இரண்டு கைகளும் மெல்ல மேலே வந்தன. ஜால்ரா பிடிக்கிற மாதிரி விரல்கள் குவிந்தன.

"இந்தா... இந்தா வருதுல்ல! இம்புட்டு நாளா எங்கய்யா இருந்துச்சு இது?"

பாட்டு முடிகிறவரை அவர் கை நிற்கவில்லை. செட் வீட்டிலேயே தங்கிவிட்டது. அந்தத் திருகை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று மாமா சொல்லிவிட்டுப் போனார். வேலையைச் செய்தேனே தவிர, மாமாவுக்கு ரசனை மழுங்கிவிட்டது என்று எனக்கும் அம்மாவுக்கும் ஒரே வருத்தம்.

வருத்தம் அதோடு முடியவில்லை. பொங்கலுக்கு என் கொலுசை வாங்கிப்போய் மாற்றிக்கொண்டு வந்தார். புதுசில் இலந்தைப்பழம் தண்டிக்குக் குண்டு மணிகள்! நடந்தால் டங் டங். "வண்டிமாடு வருதுடி" என்று பள்ளிக்கூடத்தில் வழிவிட்டார்கள். அழுது புரண்டும் மாமா மசியவில்லை.

தொண்ணூறுகளில், அப்பா மில்லைவிட்டு நின்ற பிறகு, மாமாவையும் கூட்டிக்கொண்டு போய் மதுரையில் டாக்டரிடம் காட்டிக் காதுக்கு மிஷின் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் ஆசையாகச் செட்டைப் போட்டவர் துள்ளி எழுந்தார்.

"எவன் இதக் கீச்சுகீச்சுன்னு வச்சிருக்கது? மாப்ள, ஒனக்கு ரசனையே கெடையாதுய்யா!" ட்ரெபிளைப் பாதிக்குக் குறைத்தார்.

"ஆமா அத்தான், நமக்கு அம்புட்டுத்தான் தெரியும்" என்றார் மாமா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டோலக்கு மாதிரிக் கனத்த சத்தம் விழுந்த அப்பாவின் காதில், ஜால்ராவின் கிணுகிணுப்புதான் விழாமல் போயிருந்தது. நூற்பு இயந்திரச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகிய தெரு எங்களுடையது. உப்பு இரவல் கேட்டாலே சண்டை மாதிரி இருக்கும். யாருக்குக் காது போனது என்று யார் கண்டார்கள்? ஆனால் செவிடன் என்பது அங்கே வசவு. அந்தச் சொல் அப்பாமேல் விழாமல் இருக்க, தன் ரசனையைப் பற்றி ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார் மாமா. கூடப்பிறந்த அக்காளிடம்கூட மூச்சுவிடவில்லை. நேரில் நன்றி சொன்னால் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவார், அதனால் இங்கே சொல்லிக்கொள்கிறேன்: மாமா, நீங்க நல்லா இருக்கணும்.

அந்த வண்டிமாட்டுக் கொலுசைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம்விட்டு மூக்கை உறிஞ்சியபடி வருவேன். அப்பா வாசலுக்கு முதுகைக் காட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் படியேறியதும் தலையைத் தூக்காமலே "வாத்தா" என்பார். பொங்கலுக்கு முன்னால் அவர் அப்படிக் கூப்பிட்டதுண்டா என்று நான் யோசித்ததில்லை. பிள்ளை வருவது எல்லா அப்பாக்களுக்கும் தானாகவே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.