நாய் மடமும் மூன்றாவது கேள்வியும்

போன கிழமை மாத்தளை டவுனில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் முழங்கால் எண்ணெய்க்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் கந்தகத் தூள் கேட்டார். கடைக்காரர் டப்பா மூடியைத் திறந்ததும் தீக்குச்சி உரசின மாதிரி ஒரு வாடை எழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன். "நாய்க்கா வாங்குறீங்க?" என்று அவரிடம் கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. ஐம்பது வயதாகியும் எனக்கு இந்தப் புத்தி போகவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்க நான் ஆயத்தமாவதற்குள் அவர் சாமானை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

கந்தகத் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து நாய்க்குட்டிகளின் சொறியில் பூசுவதுதான் என் முதல் உத்தியோகம். சிரிக்காதீர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்குக் கொழுந்துக் கூடை தவிர வேறு வேலை கிடைத்ததே அந்த நாளில் பெரிய காரியம். பலாபத்வலையில் கண்டி ரோட்டுப் பக்கமாக ஒரு பறங்கியர் வீடு இருந்தது. அங்கே ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா தனியாக வாழ்ந்தார். எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் பின்னால், முன்பு கொக்கோ காயப்போட்ட பழைய ஸ்டோரில் அவர் அநாதை நாய்க்குட்டிகளை வளர்த்தார். ஊரில் அதற்கு நாய் மடம் என்று பெயர். பஸ் அந்த இடத்தில் நின்றால், "நாய் மடத்துச் சாமியாரம்மா எறங்குங்க" என்பார் கண்டக்டர். பஸ் முழுக்கச் சிரிக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு இறங்குவேன்.

குட்டிகள் வந்த வழிகளைச் சொன்னால் ஒரு புத்தகம் ஆகும். சாக்கில் கட்டி கேட்டடியில் வைத்துவிட்டுப் போவார்கள். வஹகோட்டைத் திருவிழா முடிந்த மறுநாள் கோயில் வளவில் கிடந்தவை என்று ஒரு பெட்டி வரும். முக்கால்வாசி பெட்டைக் குட்டிகள். கடுவன் குட்டியை யாரும் ரோட்டில் போடுவதில்லை. விடியற்காலையில் குறுணலும் கருவாட்டுத் தலையும் போட்டு ஒரு பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சுவேன். குறுணல் தந்தவர் டவுனில் அரிசிக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. என் சேலையில் எப்போதும் நாய் மயிர் ஒட்டியிருக்கும் என்பதால், "தங்கச்சி, வாளிய அங்கயே வெச்சிட்டு அந்தப் பக்கம் நில்லுங்க, எனக்குத் தொழுகைக்குப் போகணும்" என்பார். வாளியை மட்டும் எப்போதும் தலை தட்டாமல் குவித்துத்தான் கொடுப்பார்.

நான் அங்கே சேர்ந்து கொஞ்ச நாளில் குட்டிகளின் வரத்து கூடிற்று. இரண்டு அரசாங்கங்களும் பேசி, தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று முடிவு செய்திருந்த காலம் அது. எந்த நாட்டுப் பிரஜையாக வேண்டும் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்கவேண்டும். பாஸ்போர்ட் வந்த குடும்பங்கள் லொறியில் ஏறினால் லயத்து வரிசை வீடுகளின் நாய்கள் பின்னால் ஓடும். ரோட்டு வளைவு வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பி வந்து, பூட்டின ஒற்றையறைக் காம்பராவின் முன்னால் படுத்துக்கொள்ளும். பிறகு அங்கேயே குட்டி போடும்.

குட்டிகளுக்கு வீடு தேடுவதும் என் வேலையாயிற்று. மிஸ்ஸுக்குத் தமிழ் அரைகுறை. எனக்கோ வாய் அரைகுறை. மூடிபோட்ட பிரம்புக் கூடையில் குட்டியை வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்து, "இவங்களுக்கு அரை டிக்கட்டா முழு டிக்கட்டா?" என்பார். நாய் கேட்டிருந்த வீட்டின் முன்னால் போய் நிற்பேன். கூப்பிட வாய் வராது. குட்டி கத்தி, அந்தச் சத்தத்துக்கு யாராவது வெளியே வந்தால் உண்டு. பல நாள் எனக்காக வாயைத் திறந்தது குட்டிதான்.

யாருக்குக் குட்டி கொடுத்தாலும் மூன்று கேள்வி கேட்கவேண்டும் என்பது மிஸ் போட்ட சட்டம். பகலில் வீட்டில் ஆள் இருக்குமா? சங்கிலியில் கட்டியே வைப்பீர்களா? மூன்றாவது: இந்தியாவுக்கா எழுதியிருக்கிறீர்கள், சிலோனுக்கா?

அந்த மூன்றாவது கேள்வி முதலில் இருக்கவில்லை. மேல்தோட்டத்துக் குடும்பம் ஒன்று எங்களிடம் வாங்கிய நாயை, கப்பலுக்குப் போகிற கிழமையில் சேலைக்கரையால் எங்கள் கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டது. அந்த நாய் ஆறு நாள் கஞ்சியைத் தொடவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே கிடந்து செத்தது. "ரோட்டுல போட்ட குட்டிக்கு ஒண்ணும் தெரியாது. பேர் வெச்சிக் கூப்பிட்ட பிறகு விட்டுப் போனா அதுக்குத் தெரியும்" என்றார் மிஸ். பாவம் என்பதற்கு அவர் எப்போதும் 'பவ்' என்று சிங்களத்தில்தான் சொல்வார். "பவ் தானே. போறவங்களுக்குக் குடுக்க வேணாம். நீ கேட்டுத்தான் குடுக்கணும்."

அந்த நாட்களில் அது சாதாரணக் கேள்வி இல்லை. அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி சிலோனுக்கும் எழுதிவிட்டு ஒரே அடுப்பில் சாப்பிட்ட வீடுகள் இருந்தன. மாமியாருக்குத் தெரியாமல் எழுதிய மருமகன்கள் இருந்தார்கள். நான் அதைக் கேட்டால் முகம் மாறிப்போகும். "நாய்தானே கேட்டோம், நாட்டையா கேட்டோம்?" என்று ஒருவர் கதவைச் சாத்தினார். அதனால் நான் கேட்காமலே கண்டுபிடிக்கப் பழகினேன். காம்பராவுக்குப் பின்னால் புதிதாக முருங்கைக் கொம்பு ஊன்றியிருந்தால் இருப்பவர்கள். வாழைக் குட்டியைப் பிடுங்கிப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் போகிறவர்கள். பெரிய துப்பறியும் மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்தச் சட்டத்தோடு இன்னொன்றும் உண்டு. கொடுத்த குட்டியை மாதம் ஒரு தரம், ஆறு மாதத்துக்கு, நான் போய்ப் பார்க்கவேண்டும். காது, தோல், கழுத்தில் கயிறு அறுத்த தழும்பு எல்லாம் பார்த்து ஒரு கொப்பியில் எழுதவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. "இங்க பொண்ணு குடுக்கிறாங்களாமே, நாலு காலுள்ள பொண்ணு?"

புஷ்பம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பத்தொன்பது வயதில் நாலந்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் அவளைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆனால் புருஷன் வீட்டில் இருக்கும் ஒருத்தியிடம் என்ன சொல்லிக்கொண்டு போவது? எதற்கு வந்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டாமா? அப்படியே நாள் போய்விட்டது.

அவள் ஸ்டோருக்குள் வந்து, இருந்த பதினொரு குட்டிகளில் மயிர் எல்லாம் கொட்டின ஒரு செங்குட்டியைத் தூக்கினாள்.

"அது சொறி புள்ள. வேற எடு."

"சொறின்னா நீ மருந்து போட வரணுமில்ல? இதையே குடு."

நான் கொப்பியை எடுத்து மூன்று கேள்வியையும் கேட்டேன். முதல் இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். மூன்றாவதைக் கேட்டதும், "எங்கிட்டயேவா கேக்கிற?" என்றாள்.

"மிஸ் எல்லார்ட்டயும் கேக்கச் சொன்னாங்க."

"நீங்க எங்க எழுதியிருக்கீங்க, நீயும் அம்மாவும்?"

"சிலோனுக்குத்தான்."

அவள் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். "நாங்களும் இங்கதான். எங்க போறது?" என்றாள். நான் எழுதிக்கொண்டேன்.

அந்த ஆறு மாதத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுவேன். நாயைப் பார்ப்பதற்குக் கால்மணி நேரம் போதும். அடுத்த பஸ் வர இரண்டு மணி நேரம் ஆகும். அவள் புருஷன் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து சாப்பிட்டுத் தூங்குகிற மனிதர். எனக்கு ஒரு தலையாட்டல், நாய்க்கு ஒரு தலையாட்டல், அதோடு சரி. குழந்தை இல்லை. அந்த லயத்தில் அவளுக்கு ஊர்க்காரர் யாரும் இல்லை. ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத் தேத்தண்ணியும் வைத்துவிட்டு, நான் போனதிலிருந்து வரும்வரை நடந்ததை எல்லாம் சொல்வாள். நாய்க்கு ராணி என்று பெயர் வைத்திருந்தாள். நான் கொப்பியில் எழுதும்போது எட்டிப் பார்ப்பாள்.

"என்னா எழுதுற?"

"காது சுத்தம். மயிர் வருது. நல்லாச் சாப்பிடுது."

"என்னையும் எழுதிக்க. புஷ்பம், காது சுத்தம், தூக்கம் இல்ல, சாப்பிடுறா."

நான் சிரித்தேன். எழுதவில்லை. ஏன் தூக்கம் இல்லை என்றும் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம் போனபோது வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்கள் இல்லை. சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய துப்பறியும் மூளை என்று சொன்னேன் அல்லவா.

ஆறாம் மாதம், கடைசித் தடவை. ராணி கட்டிலுக்கு அடியில் புகுந்து எதையோ இழுத்தது. ஒரு பழைய சேலை. சேலைக்குப் பின்னால் பச்சைப் பெயின்ட் அடித்த புது டிரங்குப் பெட்டி. அதன் மூடியில் வெள்ளை எழுத்தில் அவள் புருஷன் பெயர். அதற்குக் கீழே, இந்தியாவில் போய் இறங்குகிறவர்களை முதலில் வைக்கிற 'மண்டபம் கேம்ப்'.

நான் அதை வாசித்தேன். அவள் நான் வாசிப்பதைப் பார்த்தாள். அடுப்பில் ரொட்டி தீய்ந்தது.

"பொய் சொன்னியா?" என்றேன்.

"ஆமா."

"நாய என்னா செய்யப்போற? கேட்டுல கட்டிட்டுப் போவியா?"

"நீதான் கூட்டிக்கிட்டுப் போயிருவியே."

"தெரிஞ்சே ஏன் வாங்குன? மிஸ்ஸுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

புஷ்பம் ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள். "நெசத்தச் சொல்லியிருந்தா நாயக் குடுத்திருக்க மாட்ட. நாய் இல்லாட்டி நீ வந்திருப்பியா? ரெண்டு வருசம் வந்தியா புள்ள?"

பிழை என் பக்கம் இருந்தால் எனக்குக் கோபம்தான் வரும், உங்களுக்கும் அப்படித்தானோ என்னவோ. கயிற்றை அவிழ்த்து ராணியைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை. ராணியின் தகரத் தட்டைக் கழுவித் துடைத்து என் பையில் வைத்தாள். "இதுலதான் சாப்பிடும்" என்றாள். ரோட்டு வரைக்கும் கூட வந்தாள். பஸ் வரும்வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பலாபத்வலை வந்து இறங்கிய பிறகுதான், என்றைக்குப் போகிறீர்கள் என்று அவளிடம் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

மிஸ் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ராணியை நாவுலையில் மிளகாய்த் தோட்டம் செய்த ஒரு சிங்களக் குடும்பம் எடுத்துக்கொண்டது. முதல் இரண்டு நாள் வாசலிலேயே கிடந்ததாம். மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பெரியவரோடு தோட்டத்துக்குப் போய்விட்டது. ஒன்பது வருடம் நன்றாக வாழ்ந்தது. நாயைப் பொறுத்தவரை நான் செய்த பிழை சரியாகிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

புஷ்பத்தைப் பார்க்க ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஆனால் இனி அங்கே நாய் இல்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது? இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று கிழமை கழித்து எனக்கு ஒரு காரணம் அகப்பட்டது. நாவுலை வீட்டில் ராணிக்குப் புதிதாக ஒரு சட்டி கொடுத்திருந்தார்கள். தகரத் தட்டு என்னிடமே இருந்தது. அது புஷ்பத்தின் தட்டு, திருப்பிக் கொடுக்கவேண்டும் அல்லவா. பஸ் ஏறினேன்.

காம்பராவில் தோட்டத்துப் பூட்டு தொங்கியது. பக்கத்துக் காம்பராப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீங்கதானே நாய்க்கார அக்கா? அவுங்க வெள்ளிக்கெழம போயிட்டாங்க."

"எந்த வெள்ளி?"

"முந்தாநாத்துதான். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அந்தப் புள்ள ரோட்டுல போயி நின்னுச்சு. நாங்க வீட்டுக்காரரைத் தேடுதுன்னு நெனச்சோம்."

தட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் எதற்கென்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள். கடிதம் ஒன்றும் வரவில்லை. எந்த ஊருக்கு எழுதுவதென்று எனக்கும் தெரியவில்லை.

பிறகு மிஸ்ஸும் போனார். அவருடைய தங்கை அவுஸ்திரேலியாவில் இருந்தார். கடைசியாக இருந்த ஏழு குட்டிகளுக்கும் வீடு பார்த்து முடிக்கும்வரை பயணத்தை இரண்டு தரம் தள்ளிப்போட்டார். போகிற அன்று, "நானும் போறவதான், எனக்கு நாய் குடுத்திருக்கக் கூடாது" என்று சிரித்தார். கொக்கோ ஸ்டோரை உடைத்து இப்போது அந்த இடத்தில் டயர்க் கடை வைத்திருக்கிறார்கள். அரிசிக் கடை நானாவும் காலமாகிவிட்டார். அம்மாவும் போய்ப் பல வருடமாகிறது. எங்களுக்குப் பிரஜாவுரிமைக் கடிதம் வந்தபோது அதைக் காட்டிச் சந்தோஷப்பட லயத்தில் பாதிக் காம்பராக்களில் ஆள் இருக்கவில்லை.

கந்தகத்தின் வாடை பட்ட அன்று முழங்கால் எண்ணெயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராமல் நாவுலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். புஷ்பத்தின் தோட்டத்தடியில் இறங்கி உள்ளே நடந்தேன். ரப்பர் மரங்கள் இல்லை. நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். லயம் இருந்த இடத்தில் மிளகுக் கொடி படர்ந்திருந்தது. அத்திவாரக் கல் இரண்டொன்று தெரிந்தது. கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு இளம் ஆள் வாளியை வைத்துவிட்டு, யாரைப் பார்க்க வந்தீர்கள் அம்மா என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார்.

இந்தத் தடவை என்னிடம் நாயும் இல்லை, தட்டும் இல்லை. "புஷ்பத்தை" என்றேன்.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பித் தன் மனைவியிடமும் கேட்டுப் பார்த்தார். பிறகு, இந்தப் பக்கம் அப்படி யாரும் இருந்ததே இல்லையே என்றார்.