இஞ்சியம்மா பேசிய தமிழ்

பேத்தி கைப்பேசியில் ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டிருக்கிறாள். நர்ஸ் வேலைக்கு அந்த நாட்டுக்குப் போவதாக உத்தேசம். நேற்றுச் சாயங்காலம் முழுக்க அந்தச் செயலி அவளை ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது. 'என் பூனை பால் குடிக்கிறது' என்று அர்த்தமாம். "அங்க போய் இத யார்கிட்ட தாத்தா சொல்றது?" என்றாள். சிரித்துக்கொண்டே எழுந்தவன் மாடிப்படியில் நின்றுவிட்டேன். நானும் ஒருகாலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மொழி கற்றுக்கொடுத்தவன்தான். பூனை எவ்வளவோ தேவலாம்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, கூட்டேரிப்பட்டுக்குச் சற்றுத் தள்ளி, லுத்தரன் மிஷன் நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. சின்னதுதான். ஆணும் பெண்ணுமாக ஐம்பது அறுபது பேர். ஓர் ஆலயம், இரண்டு விடுதிகள், நாங்கள் பாடம் நடத்திப் பழக ஒட்டினாற்போல ஒரு தொடக்கப்பள்ளி. வேர்க்கடலையை மல்லாட்டை என்கிற மயிலத்துப் பக்கம், அதைப் பயிரிடுகிற வீட்டில் பிறந்த எனக்கு அங்கே எப்படி இடம் கிடைத்தது என்பது தனிக்கதை. அதை விடுங்கள்.

ஆலயத்தில் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். ஆணும் பெண்ணும் அருகருகே நிற்கக்கூடிய ஒரே இடம் பாட்டுக்குழு. அதனால்தான் அதில் சேர அவ்வளவு போட்டி. எனக்குச் சுதியும் தெரியாது, வேதமும் தெரியாது. இரண்டாவது வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தே ஒரு வருஷத்தை ஓட்டினேன். வௌவால் நெடியும் மெழுகுவர்த்தி வாசமும் கலந்து எங்காவது மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் வாய் தானாகச் சத்தமில்லாமல் அசையும்.

அந்த ஆலயத்தில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அதை வாசிக்கவும் எங்களுக்கு இங்கிலீஷ் நடத்தவும் டென்மார்க்கிலிருந்து வந்தவர் மிஸ் இங்கர். எங்களைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். வந்த மறுநாளே அவர் இஞ்சியம்மா ஆகிவிட்டார். மலைமேல் ஏதோ ஊரில் ஒரு வருஷம் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தார். முதல் நாள் சமையற்கட்டுக்குப் போய், சமையல்கார எலிசம்மாவிடம், "அன்புடையீர், தாங்கள் நண்பகல் உணவு அருந்தினீர்களா?" என்று கேட்டார். எலிசம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். சிரிக்கத்தான்.

பிரின்சிபால் ஐயா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மேடையில் அவர் பேசினால் ஒவ்வொரு சொல்லும் சலவைக்குப் போய் வந்ததுபோல இருக்கும். தமிழில் நான் முதல் மதிப்பெண் என்பதால், தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் இஞ்சியம்மாவோடு பேசிப் பழகும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். நல்ல தமிழ் பேசு என்று சொல்லித்தான் அனுப்பினார்.

கெடுத்தவன் ஞானமுத்து. பிரம்மதேசம் கிராமத்து உபதேசியார் மகன், என் அறைத்தோழன், ஆலயத்தில் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வதில் மன்னன். "நல்ல தமிழ்தான் புஸ்தகத்துல இருக்குதே, நம்ம தமிழக் குடுப்போம்" என்றான். முதல் நாள் 'குந்துங்க'. மறுநாள் 'கம்முனு இருங்க'. அப்புறம் துன்றது, ஜல்தி, பேஜாரு. பெரிய மனிதர்களிடம் பேசும்போது கட்டாயம் இவற்றைச் சேர்க்க வேண்டும், அதுதான் மரியாதை என்றும் சொல்லிவைத்தேன். அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அதில் என்னையே எழுதச் சொன்னார். நானும் மணிமணியான கையெழுத்தில் எழுதித் தந்தேன். தடயத்தை இப்படி அழகாக எழுதிக் கொடுத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்று மாதம் கழித்து ஆண்டு விழா வந்தது. சபைத் தலைவரும் கல்வி அதிகாரியும் முன்வரிசையில். பின்னால் எங்கள் பெற்றோர்கள், சுற்றுக் கிராமத்து ஜனம். வரவேற்புரை மிஸ் இங்கர். வெள்ளைப் பருத்திச் சேலையில், ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் வந்து நின்றார்.

"அல்லாரும் கம்முனு குந்துங்க. தலைவரு ஐயா ரொம்ப தூரத்துலேர்ந்து பேஜாரு பட்டுக்கினு வந்துகிறாரு. அவரு பேசிக்கினு இருக்கறப்ப யாரும் மல்லாட்டை துன்னக் கூடாது."

ஞானமுத்து பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடப் போனான். போனவன் வரவே இல்லை. பிரின்சிபால் ஐயாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. பின்வரிசையிலிருந்து கைதட்டல் எழுந்தது. கேலிக் கைதட்டல் இல்லை. மேடையிலிருந்து தங்கள் பேச்சை முதன்முதலாகக் கேட்டவர்களின் கைதட்டல். என் அம்மாவும் தட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ பெருமையாகச் சொல்லியபடி. எனக்கு மட்டும் அந்த நோட்டு ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேசைமேல் அந்த நோட்டு. சான்றிதழுக்கு இன்னும் மூன்றே மாதம். ஊரில் அதற்குள் என்னை வாத்தியார் என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டிருந்தார்கள். ஐயா சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பு என்றார். அதற்குள் மிஸ் இங்கர் உள்ளே வந்தார். இவன் உங்களைக் கேலிப்பொருள் ஆக்கியிருக்கிறான் என்று ஐயா அவரிடம் விளக்கினார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒங்க வூட்ல குந்துன்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க."

"யாரு?"

"அம்மா."

"அப்ப இதுல எது கேலி?"

காதெல்லாம் சுட்டது. நான் சிரிப்பதற்கென்று பொறுக்கிய அத்தனை சொல்லும் என் அம்மா சோறு போடும்போது சொல்கிற சொல். அதை அறுபது பேர் சிரிக்கக் கொடுத்திருந்தேன். அன்றைக்கு வெட்கப்பட்டதுபோல் வாழ்க்கையில் நான் அதிகம் வெட்கப்பட்டதில்லை.

அவர் ஐயாவிடம் நிதானமாகச் சொன்னார்: சனிக்கிழமைகளில் கிராமங்களுக்குப் போனால் முன்பெல்லாம் பெண்கள் எழுந்து நின்று ஒதுங்குவார்கள், இந்த நோட்டு வந்தபிறகு பாய் போட்டுப் பக்கத்தில் இருத்திக்கொள்கிறார்கள், இவனை அனுப்புவதானால் நோட்டை நான் யாரிடம் எழுதி வாங்குவது? ஐயா நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினார். பிறகு, மீதி மூன்று மாதமும் சனிக்கிழமை தவறாமல் இஞ்சியம்மாவோடு போய், கிராமத்துப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டும் என்று தண்டனை விதித்தார். வெளியே வந்ததும் மிஸ் இங்கர், "நீ வெளாடறன்னு மொத வாரமே எலிசம்மா சொல்லிட்டா" என்றார். தெரிந்தேதான் பேசியிருக்கிறார். அந்த முகத்தில் ஞானமுத்துவைத் தோற்கடிக்கும் அப்பாவித்தனம்.

என் குறும்புக்கான பழியையும் அவர் தீர்த்துக்கொண்டார். பாடம் நடத்திக் காட்டும் என் கடைசித் தேர்வுக்கு அவர்தான் பரிசோதகர். நான் விறைப்பாக நின்று, "மாணாக்கர்களே, அமருங்கள்" என்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபடியே இருந்தார்கள். பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல்: "கம்முனு குந்துங்க." அத்தனை பேரும் ஒரே நொடியில் தரையில். எனக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது. பாஸ் செய்துவிட்டேன்.

அவர் எழுபதுகளில் ஊர் திரும்பினார். பள்ளியைப் பிறகு மூடிவிட்டார்கள். ஆலயத்தைத் தவிர அங்கே எதுவும் மிச்சமில்லை. ஆர்மோனியம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. ஞானமுத்துவும் போய்ச் சேர்ந்துவிட்டான். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் பேச்சைத் திருத்தித் திருத்தி, என் வாயிலிருந்தும் அந்தப் பேச்சு உதிர்ந்துவிட்டது. மனைவி வேறு ஜில்லா. என் பிள்ளைகள் பேசுவது பாதி இங்கிலீஷ்.

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் டென்மார்க்கிலிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்ததில் இருந்தது இவ்வளவுதான். 'முதியோர் வூட்ல கீறேன். சொகந்தான். இந்தப் பேச்சு பேச இங்க ஆளு இல்ல. ஒனக்கு எழுதறப்ப மட்டுந்தான் பேசறேன்.'

உட்கார்ந்து நான்கு பக்கம் பதில் எழுதினேன், அவர் பேசியதுபோலவே, ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல். அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வரவில்லை. அதற்கப்புறம் நானும் அந்தத் தமிழில் யாருக்கும் எழுதவில்லை.